பிழை காட்டும் இலவச மென்பொருள்கள்: கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கல்லூரி புராஜெக்ட், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனு, ஏற்காட்டுத் தங்கும் விடுதிகளின் ஆங்கில நோட்டீஸ் என்று எல்லாம் வரும். இப்போது பாதிப் பேர் போனிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், கூடவே "செக்கரில் போட்டுப் பார்த்துட்டேன்க்கா, தப்பே இல்லை" என்றும் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம்தான் கேள்விகள் ஆரம்பிக்கும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

கிராமர் செக்கர்னா என்னக்கா? வேர்டுல வர்ற சிவப்புக் கோடுதானா?

அது பாதிதான். சிவப்பு நெளிகோடு எழுத்துப்பிழைக்கு. வேர்டில் அது வந்தது 1995இல், அதாவது நம்மில் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில். நீங்கள் அடித்த சொல் அதனிடம் இருக்கும் சொல்பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நீலக் கோடு இலக்கணத்துக்கு. அது ஒரு சொல்லை மட்டும் பார்க்காமல் பக்கத்துச் சொற்களையும் சேர்த்துப் பார்க்கும், எழுவாய்க்கும் வினைக்கும் பொருந்துகிறதா, கால் புள்ளி விட்டுப் போயிற்றா என்பது மாதிரி.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அது பிழையே பார்க்காது. வாக்கியம் நீளம், இந்தச் சொல் தேவையில்லை, இதைச் சுருக்கலாம் என்று நடையைப் பற்றிச் சொல்லும். மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

காசு கட்டாம கிடைக்கிறதுல எது நல்லது? பத்து பேர் சொல்லாதீங்க, ஒண்ணு சொல்லுங்க.

கம்ப்யூட்டர் இருந்தால் லிப்ரே ஆபீஸ், வேர்டு மாதிரியே எழுதுகிற மென்பொருள். முழுக்க முழுக்க இலவசம், திருட்டு காப்பி போடத் தேவையில்லை, நெட் இல்லாமலே எழுத்துப்பிழை பார்க்கும். எஃப்7 பொத்தானை அழுத்தினால் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வரும் (வேர்டிலும் அதே பொத்தான்தான்).

எழுதுவது ஆங்கிலம் என்றால் அதோடு கிராமர்லி அல்லது லேங்குவேஜ்டூல், இரண்டில் ஒன்று. கிராமர்லி 2009இல் உக்ரைன்காரர்கள் தொடங்கியது. இலவசக் கணக்கில் எழுத்துப்பிழை, இலக்கணம், நிறுத்தக்குறி மூன்றும் ஒழுங்காகப் பார்க்கும், மீதியை மங்கலாகக் காட்டிக் காசு கேட்கும். லேங்குவேஜ்டூல் ஜெர்மனியில் டேனியல் நாபர் என்பவர் தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காக 2003இல் ஆரம்பித்தது, அதன் அடிப்படை நிரல் திறந்த மூலம், விஷயம் தெரிந்தவர்கள் தங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஒன்று சொல்லச் சொன்னீர்கள், மூன்று சொல்லிவிட்டேன். ஆனால் வேலை வேறு வேறு.

கம்ப்யூட்டர் எல்லாம் இல்லைங்க, போன் மட்டும்தான். முடியுமா?

முடியும். ஜிபோர்டு கீபோர்டே எழுத்துப்பிழையைக் காட்டும். கூகுள் டாக்ஸ் செயலியில் எழுதினால் இன்னும் வசதி. தமிழ் அடிக்கச் செல்லினமும் நன்றாக இருக்கும். ஆனால் போனில் ஒரு தொல்லை, நாம் முடிக்கும் முன்பே அது ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு மாற்றிவிடும். ஆட்கள் பெயர், ஊர்ப் பெயர் அதிகம் வருகிற விஷயம் என்றால் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டு எழுதுங்கள். கோடு போடட்டும், கை வைக்கக் கூடாது.

தமிழுக்கு இருக்கா, இல்ல இங்கிலீசுக்கு மட்டும்தானா?

இருக்கிறது. கிராமர்லிக்குத் தமிழ் தெரியாது, அதில் தமிழை ஒட்டிவிட்டு "ஒரு தப்பும் காட்டலைக்கா" என்று சந்தோஷப்படுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். லேங்குவேஜ்டூலின் மொழிப்பட்டியலில் தமிழ் உண்டு, ஆனால் ஆங்கிலத்துக்கு இருக்கிற அளவு விதிகள் இல்லை.

தமிழுக்கென்றே செய்தவை வாணியும் நாவியும். நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதுபவர் உருவாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். வாணி எழுத்துப்பிழைக்கு, நாவி சந்திப்பிழைக்கு, அதாவது இரண்டு சொல் சேரும் இடத்தில் க், ச், த், ப் விட்டுப்போவது அல்லது கூடிப்போவது. பத்தியை ஒட்டி, பொத்தானை அழுத்தினால் போதும். லிப்ரே ஆபீசுக்கும் தமிழ் அகராதி சேர்த்துக்கொள்ளலாம். காசு கட்டி வாங்குவது என்றால் பேராசிரியர் தெய்வ சுந்தரம் உருவாக்கிய மென்தமிழ் இருக்கிறது, சந்திக்கும் சேர்த்து.

கரெக்டா எழுதின வார்த்தைக்கே ஏன் கோடு போடுது?

தமிழின் குணம் அப்படி. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்கு நாலைந்து வடிவம், பட்டியல் போட்டு வைத்துவிடலாம். நம்மிடம் 'படி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் படித்தேன், படிக்காமல், படித்தவர்களிடம் என்று போய்ப் 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' வரைக்கும் நீளும். இவ்வளவையும் எந்தப் பட்டியலில் அடைப்பது? அதனால் வேர்ச்சொல்லையும் ஒட்டுகளையும் தனித்தனியாக வைத்து, சேர்த்துப் பார்க்கிற முறையில்தான் தமிழ்த் திருத்திகள் ஓடுகின்றன. லிப்ரே ஆபீசில் இருக்கும் ஹன்ஸ்பெல் என்ற கருவி முதலில் ஹங்கேரி மொழிக்காக எழுதப்பட்டது, அவர்கள் மொழியும் நம்மைப் போலவே ஒட்டு மேல் ஒட்டாக நீளுவது. அப்படியும் நாலு ஒட்டு சேர்ந்தால் சில நேரம் திணறும்.

அதோடு நம் ஊர்ச் சொற்கள். 'தட்டுவடை செட்' என்று எழுதிப் பாருங்கள், தட்டுவடையை எந்த அகராதி கண்டது? குகை, கிச்சிப்பாளையம் என்கிற பேட்டைப் பெயர்களிலும் சிலதுக்குக் கோடு விழும். வலது சொடுக்கில் அகராதியில் சேர்க்கிற வசதி இருக்கிறது, ஒரு தடவை சேர்த்துவிட்டால் பிறகு கேட்காது. ஆனால் சேர்க்கும்முன் எழுத்தை ஒரு தடவை பாருங்கள். என் கடைப் பையன் ஒருவன் 'முயற்ச்சி'யை அகராதியில் சேர்த்துவிட்டான், ஆறு மாதம் எங்கள் கடையில் எல்லோரும் முயற்ச்சி செய்துகொண்டிருந்தோம்.

கோடே வரலை. அப்போ தப்பே இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நேரம்.

ஒரு ஓட்டல் மெனு வந்தது, 'நாட்டுக்கோழி கரி' என்று. கரி என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான், அடுப்புக் கரி. அதனால் கோடு இல்லை. அதே மெனுவில் 'பொறித்த மேட்டூர் டேம் மீன்'. பொறிப்பது கல்வெட்டில், எண்ணெயில் பொரிப்பதுதான். மீனின் மேல் பெயரை வெட்டிப் பரிமாறுவார்கள் போல. அரை, அறை, விலை, விளை, பள்ளி, பல்லி, மரம், மறம்: இவை எல்லாமே அகராதியில் இருக்கிற சொற்கள், எழுத்தை மட்டும் பார்க்கிற கருவி எதையும் கேட்காமல் விட்டுவிடும்.

ஆங்கிலத்திலும் இதே கதை. பேங்க் லோனுக்குக் கடிதம் எழுதி வந்தவர் 'மேனேஜர்' என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். மிச்சமிருந்தது 'மேஞ்சர்', அப்படியும் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது, மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டி. மதிப்பிற்குரிய கிளைத் தீனித்தொட்டி அவர்களுக்கு. சிவப்புக் கோடு இல்லாமல் அழகாக இருந்தது கடிதம்.

ஒற்று எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு மெஷினே சொல்லிடுமா?

சொல்லும், பாதியை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம்.

சொல்லின் முடிவைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிற இடங்களில் நாவி மாதிரிக் கருவிகள் நன்றாகவே சொல்லும். 'ஐ' உருபுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் மிகும்: அவனைப் பார்த்தேன். 'கு' உருபுக்குப் பின்னாலும் அப்படியே: கடைக்குப் போனேன். அந்த, இந்த, எந்த: அந்தக் கடை, இந்தப் பையன். எடுத்துக் கொடுத்தார் என்பதில் மிகும், வந்து கொடுத்தார் என்பதில் மிகாது, ஏனென்றால் முன்னதில் 'து'வுக்கு முன்னால் வல்லின 'த்', பின்னதில் மெல்லின 'ந்'. அப்புறம் ற், ட் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு மெய் வரவே வராது. அதனால் முயற்ச்சி, பயிற்ச்சி, ஏற்க்காடு எல்லாம் எந்தச் சூழலிலும் தப்பு, மெஷின் சட்டென்று பிடித்துவிடும். (ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்று சொல்வார்கள். பஸ் போர்டில் இருக்கிற எழுத்தைப் பின்பற்றினாலே போதும், அது சரியாகத்தான் இருக்கிறது.)

அர்த்தம் தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும் என்கிற இடம் மறுபாதி. 'வேலை பார்க்கிறான்' என்றால் சம்பளத்துக்கு உழைக்கிறான். 'வேலைப் பார்க்கிறான்' என்றால் முருகன் கையிலிருக்கும் வேலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இரண்டும் சரியான தமிழ். நீங்கள் எதை நினைத்து எழுதினீர்கள் என்பது மெஷினுக்குத் தெரியாது. சுடுசோறு, ஊறுகாய் என்று வினைத்தொகை வந்தால் மிகாது, வெள்ளிக் கொலுசு, மாம்பழக் கடை என்று வந்தால் மிகும். போர்டு எழுதுகிற இடங்களில் 'மாம்பழ கடை' என்றே பழகிவிட்டது, சீசனில் ஊர் முழுக்கப் பார்க்கலாம். நானும் கூப்பிட்டுச் சொல்வதை விட்டுவிட்டேன், மல்கோவா கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

எல்லாத்தையும் ஒரே அழுத்துல மாத்திடலாமே, ஏன் ஒண்ணொண்ணா பார்க்கணும்?

மேலே சொன்ன 'கரி' மெனுவின் மீதிக் கதையைக் கேளுங்கள். அதைத் திருத்தியது நான்தான். இருபது இடத்தில் 'கரி' இருந்தது, மொத்தமாக மாற்று என்று 'கறி' ஆக்கிவிட்டேன். முகப்பில் 'நாகரிகமான குடும்ப அறை உண்டு' என்று ஒரு வரி இருந்தது. அது 'நாகறிகமான' ஆகிவிட்டது. ஐந்நூறு அட்டை அச்சான பிறகுதான் பார்த்தேன், அட்டைக்காசு என் கையிலிருந்து.

கிராமர்லி, வேர்டு எதிலானாலும் ஒவ்வொரு கோட்டையும் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். "இதை இப்படியா சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்கிறது. ஆமாம் என்றால் விட்டுவிடலாம், அதற்கும் பொத்தான் இருக்கிறது.

நான் பாமினியில அடிச்சு வச்சிருக்கேன். வாணியில போட்டா ஒண்ணுமே புரியாத மாதிரி வருது.

பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது தமிழே இல்லை. உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் இருக்கின்றன, மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். 'அம்மா' என்று அடித்ததை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், நடுவில் அரைப்புள்ளியோடு ஏதோ ஆங்கிலக் குப்பை வரும். பிழை திருத்தி பார்ப்பதும் அந்தக் குப்பையைத்தான், பாவம் அது என்ன செய்யும்.

யூனிகோடுக்கு, அதாவது உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கிற இப்போதைய பொது முறைக்கு, மாற்றிவிட்டுப் பாருங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் இலவசம், இணையத்திலேயே ஒட்டி மாற்றுகிற பக்கங்களும் நிறைய. அச்சுக்கூடத்தில் பழைய மென்பொருளுக்குப் பாமினிதான் வேண்டும் என்பார்கள், எங்கள் தெருவிலேயே அப்படித்தான். பரவாயில்லை, யூனிகோடில் திருத்திவிட்டுத் திரும்பப் பாமினிக்கு மாற்றிக் கொடுங்கள். ஆனால் மாற்றிய பிறகு இன்னொரு தடவை படியுங்கள், போய் வரும் வழியில் சில எழுத்து உடையும், முக்கியமாகக் கிரந்த எழுத்தும் மேற்கோள் குறியும்.

யூனிகோடுதான். கண்ணுக்குச் சரியாத்தான் தெரியுது. ஆனாலும் தப்புங்குது. ஏன்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'ஔவையார்' என்பதில் முதல் எழுத்து ஒரே எழுத்து. அதை 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து 'ஒளவையார்' ஆக்குகிறவர்கள் ஏராளம். பல எழுத்துருக்களில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, மெஷினுக்கு அது ஒள-வையார். 'கௌரி'யும் 'கெளரி'யும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண் பெயர் கௌரி, கௌசல்யா என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்று துணைக்காலும் ரகரமும். 'ா' வரவேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். பழைய தாளைப் போட்டோ எடுத்து எழுத்தாக மாற்றினால் இது கண்டிப்பாக வரும். சந்தேகம் என்றால் அந்தச் சொல்லின் முடிவில் நின்று பின்நோக்கி ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள், என்ன எழுத்து உள்ளே இருந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்காட்டுல எங்க ஹோம்ஸ்டே பத்தி இங்கிலீஷ்ல எழுதினோம்மா. பாதிக்கு மேல தப்புன்னு காட்டுது, நாங்க கான்வென்ட்ல படிச்சவங்க!

உங்கள் ஆங்கிலத்தில் தப்பில்லைங்க. கருவி அமெரிக்க ஆங்கிலத்தில் நிற்கிறது, நீங்கள் படித்தது பிரிட்டிஷ். 'கலர்' என்பதில் ஒரு 'யூ' கூடுதல் என்று அது சொல்லும். அமைப்பில் போய் பிரிட்டிஷ் ஆங்கிலம் வைத்துக்கொள்ளுங்கள், வேர்டில் இந்திய ஆங்கிலமே இருக்கிறது. பாதிக் கோடு காணாமல் போகும். சேர்வராயன் கோயில், மலைக்காரர்கள் பெயர், காப்பி வகைகளின் பெயர் எல்லாம் அகராதியில் சேர்க்க வேண்டியவை.

மீதிப் பாதியில் நிஜமாகவே கவனிக்க வேண்டியவை இருக்கும். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால் 'அபவுட்' வேண்டாம் என்று சொல்லும், அது சொல்வது சரி. ஆனால் கருவி சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். உங்களைப் பற்றிய குறிப்பில் '2008இல் பாஸ்டு அவுட்' என்று இருந்தது. நமக்கு அது படித்து முடித்தேன். வெளிநாட்டுக்காரர் படித்தால் 2008இல் மயங்கி விழுந்துவிட்டார் போல என்று நினைப்பார். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கிறார். இலக்கணம் சுத்தமாக இருப்பதால் எந்த இலவசக் கருவியும் இதையெல்லாம் கேட்பதில்லை. வருகிறவர் பெங்களூரு ஆள் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், புரியும்.

ஹெமிங்வே எடிட்டர்ல போட்டேன், பக்கம் முழுக்க மஞ்சளும் சிவப்புமா ஹோலி கொண்டாடிடுச்சு. நான் அவ்வளவு மோசமா எழுதுறேனா?

அது முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வகை, பிழை பார்ப்பதில்லை. படிக்கச் சிரமமான வாக்கியத்துக்கு மஞ்சள், ரொம்பச் சிரமம் என்றால் சிவப்பு. சிரமத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், சொல்லில் எத்தனை எழுத்து, வாக்கியத்தில் எத்தனை சொல் என்று எண்ணித்தான். அழகான நீண்ட வாக்கியத்துக்கும் சிவப்புதான், உளறலுக்கும் சிவப்புதான்.

நம்மவர்கள் ஆங்கிலத்துக்கு அது ஓரளவு உபயோகமான மருந்து என்பேன், ஏனென்றால் நாம் தமிழில் வந்து, பார்த்து, எடுத்து, கொடுத்து என்று கோத்துக்கொண்டே போகிற பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே வாக்கியத்தில் ஏறிவிடுகிறோம். சிவப்பில் இருப்பதை இரண்டாக வெட்டிப் பாருங்கள், நன்றாக இருந்தால் வையுங்கள். தமிழை அதில் போடாதீர்கள். ஒட்டி ஒட்டி நீளும் நம் சொற்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது.

கதை எழுதுறேன். பேச்சுத்தமிழ் வர்ற இடமெல்லாம் கோடு. மாத்தணுமா?

தொடவே தொடாதீர்கள். 'ஏனுங்கண்ணா, எங்க போறீங்க' என்று ஒரு பாத்திரம் கேட்டால் அப்படியே இருக்கட்டும். 'ஏன் அண்ணா, எங்கே செல்கிறீர்கள்' என்று திருத்தினால் ஆத்தூர்க்காரர் தூர்தர்ஷன் செய்தி வாசிப்பவர் ஆகிவிடுவார். நான் செய்வது, வசனத்தை விட்டுவிட்டு விவரிப்புப் பகுதியை மட்டும் திருத்தியில் ஒட்டுவேன். ஒன்று மட்டும் நீங்களே பார்க்க வேண்டும்: ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'போறேன்', அடுத்ததில் 'போகிறேன்', அதற்கடுத்து 'போறேனுங்க' என்று மாறி மாறிப் பேசக் கூடாது. மூன்றுக்கும் தனித்தனியாகத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மனுவுல ஆதார் நம்பர், சர்வே நம்பர் எல்லாம் இருக்கு. இதுல ஒட்டுனா பாதுகாப்பா?

இணையத்தில் ஓடுகிற கருவி எதுவானாலும் நீங்கள் ஒட்டுவது அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. சிலவற்றில் உங்கள் கணக்கிலேயே சேமித்தும் வைக்கப்படும். அதனால் ஒட்டும்முன் ஆதாரின் 12 இலக்கத்தையும் பூஜ்ஜியம் ஆக்கிவிடுங்கள், பேர், போன் நம்பர், பேங்க் கணக்கு எல்லாவற்றுக்கும் எக்ஸ் போடுங்கள், திருத்திய பிறகு திரும்பச் சேருங்கள். இரண்டு நிமிட வேலை. அதற்கும் சோம்பல் என்றால் லிப்ரே ஆபீசில் எஃப்7, அது வீட்டை விட்டு வெளியே போகாது.

என் மாதிரிக் கடையில் வந்து உங்கள் மெயிலைத் திறந்தால் எழுந்து போகும்முன் வெளியேறிவிட்டுப் போங்கள். நான் பார்க்க மாட்டேன், அடுத்து உட்காருகிறவரைப் பற்றி எனக்குத் தெரியாது.

இவ்வளவு எதுக்கு, ஏஐ-கிட்ட குடுத்து 'திருத்திக் குடு'ன்னா முடிஞ்சுதே?

முடியும், ஆனால் அது திருத்துவதோடு நிற்காது, திருப்பி எழுதிவிடும். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் மனு கொண்டுவந்தார். அவர் எழுதியதில் 'பங்குனி பண்டிகைக்கு முன்னாடி இருந்து மூணு மாசமா எரியலை, மூணாவது கம்பம்' என்று இருந்தது. ஏஐ கொடுத்தது 'நீண்ட காலமாக எங்கள் பகுதி மக்கள் பெரும் இன்னலுக்கு ஆளாகியுள்ளனர்'. பிழையே இல்லை, மூன்று மாதமும் இல்லை, கம்பமும் இல்லை. லைன்மேன் எந்தக் கம்பத்தில் ஏறுவார்?

"மாற்றி எழுதாதே, பிழைகளை மட்டும் வரிசையாகச் சொல், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்" என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் காரணம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தமிழ் ஒற்றுக்கு அது சொல்கிற காரணத்தை அப்படியே நம்ப வேண்டாம், இல்லாத விதியைத் தொல்காப்பியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி சொல்லும். ஒற்று பற்றிய மேலே உள்ள பதிலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிஎச்டி தீசிஸ். கிராமர் செக் பண்ணிட்டா பிளேஜியரிசம் குறைஞ்சிடுமா?

இரண்டும் வேறு வேறு சங்கதி. இலக்கணத் திருத்தி உங்கள் வாக்கியம் சரியா என்று பார்க்கும், ஒப்புமை பார்க்கிற மென்பொருள் அந்த வாக்கியம் வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும். அடுத்தவர் வாக்கியத்தை இலக்கணச் சுத்தமாக ஆக்கினாலும் அது அடுத்தவர் வாக்கியம்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

'வேறு சொற்களில் மாற்று' என்று ஒரு பொத்தான் பல கருவிகளில் இருக்கிறது, அதை அழுத்தித் தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். கருத்து யாருடையதோ அவர் பெயரைப் போடாதவரை அதுவும் திருட்டுதான். அதோடு அந்தப் பொத்தான் துறைச்சொல்லையும் சேர்த்து மாற்றிவிடும். ஜவ்வரிசி பற்றிய ஆய்வில் 'ஸ்டார்ச்' என்பதைச் சட்டைக்குப் போடும் கஞ்சி ஆக்கி வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

சரி, இதையெல்லாம் வச்சு நிஜமாவே என் எழுத்து முன்னேறுமா, இல்ல சோம்பேறி ஆயிடுவேனா?

எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கும். என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்வேன். கருவி காட்டிய பிழையில் 'அட, இது நமக்குத் தெரியாதே' என்று தோன்றுவதை மட்டும் அதில் எழுத வேண்டும், கை தவறி அடித்தது வேண்டாம். ஒரு மாதத்தில் நோட்டைப் பார்த்தால் ஐந்தாறு விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒருத்திக்கு ர, ற. இன்னொருத்திக்கு ஆங்கிலத்தில் 'த' (the) எங்கே போடுவது என்பது. உங்கள் ஐந்தாறு எது என்று தெரிந்துவிட்டால் பிறகு கோடு வரும் முன்பே கை நிற்கும்.

முதல் தடவை எழுதும்போது திருத்தியை நிறுத்தி வைத்துவிடுங்கள், வரிக்கு வரி கோடு வந்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். முடித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து போட்டுப் பாருங்கள். கடைசியாகப் போனை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தமிழும் வாசிக்கும். கண் தாண்டிப் போன இடத்தில் காது மாட்டிக்கொள்ளும், ஒரே சொல் இரண்டு தடவை வந்திருப்பது, வாக்கியம் பாதியில் நின்றிருப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும்.

அப்போ புரூஃப் பார்க்கிற உங்களுக்கெல்லாம் இனி வேலை இருக்காதேக்கா?

குறைந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒரு புராஜெக்டுக்கு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தது இப்போது ஒரு நாளில் முடிகிறது, கூலியும் அதற்கேற்ற மாதிரிதான்.

ஆனால் போன வாரம் ஒரு பத்திரிகை வந்தது. வாணியில் போட்டேன், நாவியில் போட்டேன், ஒரு கோடும் இல்லை. ஆவணி மாதத் தேதி ஒன்று, ஆங்கிலத் தேதி ஒன்று, கிழமை ஒன்று போட்டிருந்தார்கள், காலண்டரைத் திருப்பிப் பார்த்தால் மூன்றும் மூன்று வெவ்வேறு நாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. மண்டபத்தின் போன் நம்பரில் ஒன்பது இலக்கம். பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன், "ஐயையோ, நல்ல வேளைம்மா" என்றவர், ஒரு நிமிடம் கழித்து, "முகூர்த்தம் ஞாயிறுதான், தேதியை நீங்களே பார்த்து மாத்திடுங்க" என்றார். நானே மாற்றவில்லை, வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்னும் வரவில்லை.